அம்மிணி, ஒரு ஆட்டம் வர்றியா

வாங்க தம்பி, வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும். வழி கண்டுபிடிக்கச் சிரமமாயிருச்சா? பலகுரல் குணசீலன் வூடு எதுன்னு கேட்டிருந்தீங்கன்னா தெருநாயி கூடக் கொண்டாந்து விட்டிருக்குமே. கடிக்க வந்துச்சா? அப்ப அது வெளியூர் நாயிங்க. என்ற நிகழ்ச்சி பார்த்திருக்காது.

அந்த ஸ்டூல்ல வேண்டாங்க. அது மச்சான் உக்கார்ற இடம். இதுல... இதுலயும் வேண்டாம், இது என்ற சம்சாரம் உக்கார்றது. ஒண்ணு பண்ணுங்க, இந்தப் பாய்ல உக்காந்துக்குங்க. எப்படியும் அடிப்பக்கந்தானே திறக்கோணும்.

இதுதாங்க மெஷின். சிரிப்பு வருதா? சிரிங்க, தப்பில்லை. பழைய டிவிப் பெட்டிய மல்லாக்கப் படுக்கப் போட்டு, மேல கண்ணாடி, சுத்திப் பலகை. ரெண்டு பக்கமும் ஒவ்வொரு குச்சி. அது தலையில இருக்கிற குமிழு பஸ் கியர்ல இருந்து கழட்டினது. பட்டனுக்குப் பதிலா காலிங்பெல் சுவிட்ச். ரெண்டு பேரு எதிரெதிரா உக்காந்து, குனிஞ்சு, ஆடோணும். உள்ள ஒரு சின்ன போர்டு இருக்குது, சீட்டுக்கட்டு அளவு. அதுதான் மூளைன்னு மச்சான் சொல்லுவாரு. உங்களுக்குப் போயி நான் பாடம் எடுக்கறேன் பாருங்க.

ரிப்பேர் ஒண்ணுமில்லைங்க. நல்லாத்தான் ஓடுது. நான் கூப்பிட்டது வேற விஷயத்துக்கு. இது பேசும். பேசறப்ப அந்தப் பேச்சு பாதியில அறுந்து நிக்க வாய்ப்பு உண்டா, இல்லையா? இதை மட்டும் பார்த்துச் சொல்லோணும். உண்டுன்னீங்கன்னா உள்ளார வந்து என்ற சம்சாரத்துகிட்ட அதையே ஒருக்கா சொல்லிட்டுப் போயிருங்க. படிச்சவரு, வெளியாளு, நீங்க சொன்னா நம்புவா. இல்லைன்னீங்கன்னா... இல்லைன்னா எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. கொஞ்சம் மெதுவாப் பேசுவோம். அடுப்படியிலதான் இருக்கா.

பிளக்கைப் பிடுங்கிட்டுத் திறங்க. இல்லைன்னா நடுவுல கூப்பிட்டுரும்.

யாரைன்னா? சொல்றேன். நீங்க பாட்டுக்கு ஸ்க்ரூவைக் கழட்டுங்க, நான் பாட்டுக்குச் சொல்றேன்.

மச்சான் பேரு சென்னியப்பன். என்ற சம்சாரம் மரகதத்துக்குக் கூடப்பொறந்த அண்ணன். டிவி, ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்தாரு. கல்யாணம் காட்சி ஒண்ணும் பண்ணிக்கலை. இந்த லைன்வூட்டுல அந்தச் சுவத்துக்கு அக்கட்ட அவரு, இக்கட்ட நாங்க. ஒத்தைச் சுவரு. இங்க தும்மினா அங்கிருந்து நூறுன்னு சொல்லலாம். ஆனா அண்ணனும் தங்கச்சியும் பேசிக்கமாட்டாங்க. வருஷக்கணக்கா. இங்கிருந்து சோறு போகும், குழம்பு போகும். அங்கிருந்து நோம்பிக்குத் துணி வரும். பேச்சு மட்டும் போகாது, வராது. பேச்சுக்கு நான்.

என்ன சண்டையா? சொன்னா நம்பமாட்டீங்க. என்ற புள்ளை காதுகுத்து. இப்ப அவ கல்யாணமாகி ஓசூர்ல இருக்கறா. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தோணும், உங்க பக்கமும் அப்படித்தானுங்களே? தாய்மாமன் சீரோட கிளம்பி வந்துட்டிருக்காரு, வழியில பஸ்ஸு நின்னு போச்சு. மண்டபத்துக்கு ஃபோன் பண்ணாரு. ஆபீஸ் ரூம்ல இருந்த ஃபோனை எடுத்தது நான். லேட்டாகும்னாரு. சரின்னுட்டு வெளிய வந்தேன். வந்தா மண்டபம் நிறையச் சனம். எவனோ மைக்கை வேற என் கையில குடுத்துட்டான். மைக்கைக் குடுத்தா நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க. மச்சான் குரல்லயே சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் மூக்கால வரும், கடைசிச் சொல்லை இழுப்பாரு. "ஏனுங்க... ஒரு காது குத்தறதுக்கு நானெதுக்குங்க..." அப்படின்னுட்டு ஒரு இடைவெளி விட்டேன். இடைவெளிதான் முக்கியம். "ஊசி இருந்தாப் பத்தாதுங்களாஆ?"

மண்டபமே உருண்டுருச்சு. ஆசாரி கையில ஊசிய வச்சுக்கிட்டுச் சிரிக்கறாரு. மரகதம் மட்டும் சிரிக்கலை. நேரா போனா, அவ பெரியப்பன் மகன் ஒருத்தன் பந்தியில உக்காந்திருந்தான், அவனை எழுப்பிக் கூட்டியாந்து மடியில புள்ளைய வச்சு, குத்துங்கன்னுட்டா. புள்ளை வீல்லுங்குது. அப்பப் பார்த்து வாசல்ல மச்சான், தட்டும் கையுமா, வேர்த்து ஊத்திட்டு நிக்கறாரு. பார்த்தாரு. தட்டைக் கீழ வச்சாரு. திரும்பிப் போயிட்டாரு.

அவ்வளவுதாங்க சண்டை. அவ வந்து கூப்பிட்டாத்தான் பேசுவேன்னு அவரு. அவரு வந்து காரணம் சொன்னாத்தான் பேசுவேன்னு இவ. ரெண்டும் ஒரே வயித்துல பொறந்தது, வேற எப்படி இருக்கும்?

ஆனா ஒண்ணு தம்பி. அந்த ஜோக்கு இன்னைக்குச் சொன்னாலும் நிக்கும்.

அன்னையில இருந்து ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான். அவரு சொல்றதை இங்க வந்து சொல்லோணும், இவ சொல்றதை அங்க போயிச் சொல்லோணும். சும்மா சேதியை மட்டும் சொல்றதுக்கு நான் என்ன தபால்காரனா? அவரு சொன்னதை அவரு குரல்ல சொல்லுவேன், இவ சொன்னதை இவ குரல்ல சொல்லுவேன். கூடக் கொஞ்சம் மசாலா. இல்லைன்னா வூடு செத்த வூடாட்டம் ஆயிருமுங்க.

ஒரு தீபாவளிக்கு மச்சான் சேலை எடுத்துக் குடுத்தாரு. கலர் பிடிக்கலைன்னா கடைக்காரன் மாத்தித் தர்றேன்னு சொல்லியிருக்கான், அதைச் சொல்லிருங்க மாப்ளேன்னாரு. நான் வந்து அவரு குரல்ல, கலர் பிடிக்கலைன்னா சன்னலுக்குத் தொங்கவிடச் சொல்லுங்கன்னேன். நல்லா விழுந்துச்சு. எனக்கே சிரிப்பு வந்துருச்சு. மரகதம் என்ன பண்ணா தெரியுமா? நெசமாவே சன்னல்ல தொங்கவிட்டுட்டா. அவளுக்கும் தமாஷ் உண்டுங்க, வெளிய காட்டிக்கமாட்டா. மச்சான் வாசல்ல நின்னு அந்தச் சேலையை ரொம்ப நேரம் பார்த்துட்டே நின்னாரு. என்ன சொல்றா உங்க ஊட்டுக்காரின்னு கேட்டாரு. நான் மரகதம் குரல்ல, துணி நல்ல கனம், வெயிலுக்குத் தாங்குதுன்னேன்.

நான் மட்டும் இல்லைன்னா இந்த ரெண்டு பேரும் என்னைக்கோ பிரிஞ்சு போயிருப்பாங்க.

அது என்ன ஒயரு, சிவப்பு? ஸ்பீக்கருக்குப் போறதா? சரி சரி, பாருங்க.

கடையை மூடினதுக்கப்புறம் மச்சானுக்குப் பொழுது போகலை. திடீர்னு ஒருநாள் பலகை அறுக்கறாரு, ரம்பம் போடறாரு. என்ன மச்சான், உங்களுக்கு நீங்களே பெட்டி செய்யறீங்களான்னு கேட்டேன். தமாஷுக்குத்தான். ரெண்டு பேரு எதிரெதிரா உக்காந்து ஆடற மெஷின்னாரு. எதுக்குன்னேன். சின்ன வயசுல இவரும் மரகதமும் தரையில கட்டம் கீறி எதிரெதிரா உக்காந்து ஆடுவாங்களாம். ஆடுறப்ப ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்குவாங்களாம், அழுகுணி, கள்ளாட்டம், அப்படி. அதை நினைச்சுத்தான் செய்யறாரு.

நான் சொன்னேன், அப்ப நீங்கதான் முதல்ல பேசினதா ஆயிருமே மச்சான். அதுக்கு அவரு அறுத்துட்டிருந்ததை நிறுத்திட்டு, ரொம்ப யோசிச்சு வச்சிருந்தவராட்டம் சொன்னாரு.

"ஆட்டத்துல பேசறது பேச்சுல சேராது மாப்ளே."

எப்படி இருக்குது பாருங்க நியாயம்.

ஆட்டம் என்னன்னா, ஒரு பாலம். ஒரு லாரி போற அகலந்தான். அந்தப் பக்கமிருந்து ஒரு லாரி, இந்தப் பக்கமிருந்து ஒரு லாரி. நடுவுல வந்து மூஞ்சிக்கு மூஞ்சி நிக்கும். யாராச்சும் ஒருத்தரு ரிவர்ஸ் எடுத்து வழி விடோணும். ரெண்டு பேரும் முட்டிட்டே நின்னா பாலம் ஒடைஞ்சு ரெண்டும் தண்ணிக்குள்ள. இதுல விசேஷம் என்னன்னா, வழி விட்டவங்களுக்குத்தான் பாயிண்டு. இது என்ன மச்சான் கூறுகெட்ட ஆட்டம், பின்னாடி போறவன் ஜெயிக்கறதான்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டாரு.

சத்தமெல்லாம் என்னுது. லாரி மேட்டுல ஏறுறது, ஹாரன், பாலம் நெறிபடறது, தண்ணியில விழறது, எல்லாம் இந்த வாய். ரிவர்ஸ் எடுக்கறப்ப ஒரு பாட்டு வரும் பாருங்க, கொஞ்சம் அபஸ்வரமா, அசல் சரக்கு லாரியேதான். அவரு ரூம்ல போர்வையைப் போத்திக்கிட்டு உள்ள உக்காந்து பதிஞ்சோம், எதிரொலி வரக்கூடாதுன்னு.

செஞ்சு முடிச்சதும் நானும் அவரும்தான் ஆடிப் பார்த்தோம். அவரு கொஞ்ச நேரம் நிப்பாரு, அப்புறம் ரிவர்ஸ் எடுத்துருவாரு. நான் ஒருக்கா கூட எடுத்ததில்லைங்க. ஹாரன் அடிச்சுட்டே நிப்பேன். அந்த ஹாரன் அவ்வளவு நல்லா வந்திருந்துச்சு.

அதுக்கப்புறந்தான் கூப்பிடற விஷயம். மெஷின் சும்மா இருந்துச்சுன்னா அதுவே மரகதத்தைக் கூப்பிடோணும்னாரு. சரி, கூப்பிடுங்க, பதிஞ்சுக்கலாம்னேன். அவரு கூப்பிடமாட்டாராம். அவரு வாயால கூப்பிட்டா அவரு முதல்ல பேசினதாயிரும். அப்ப என்ற குரல்ல கூப்பிடட்டுமான்னேன். உங்க குரல்ல கூப்பிட்டா உங்களுக்கோசரம் வந்த மாதிரி ஆயிரும்னாரு. கடைசியில முடிவு என்னன்னா, நான் அவரு குரல்ல கூப்பிடோணும். அப்ப அவரு கூப்பிட்டதாகவும் ஆகாது, நான் கூப்பிட்டதாகவும் ஆகாது. உலகத்துல எவனுக்காச்சும் இப்படித் தோணுமா?

நான் அவளை மரகதம்னுதான் கூப்பிடுவேன். அம்மிணின்னு கூப்பிடறது அவரு ஒருத்தருதான். போர்வைக்குள்ள உக்காந்து சொன்னேன். "அம்மிணி, ஒரு ஆட்டம் வர்றியா?" இன்னும் மெதுவான்னாரு. சொன்னேன். இவ்வளவு மெதுவா வேண்டாம், பயந்துருவான்னாரு. சொன்னேன். எத்தனை தரம் சொன்னேன்னு தெரியாது. கடைசியில ஒண்ணு வந்துச்சு பாருங்க. போர்வையை விலக்கிப் பார்த்தா சுவத்துப் பக்கம் திரும்பி நிக்கறாரு. கண்ணைத் தொடைக்கறாரு. எத்தனையோ மேடை ஏறியிருக்கேன் தம்பி, அப்படி ஒரு மரியாதை எனக்கு எங்கயும் கிடைச்சதில்லை.

மறுநாள் மதியம் மெஷினைப் போட்டோம். கூப்பிட்டுச்சு. மரகதம் அந்த வாசல்ல வந்து நின்னா. மச்சான் இந்த ஸ்டூல்ல, கையைக் குமிழு மேல வச்சுட்டு, தலையைக் குனிஞ்சு உக்காந்திருக்காரு. மரகதம் அவரைப் பார்க்கலை, மெஷினைப் பார்க்கலை, என்னைப் பார்த்தா. பொண்டாட்டிங்க. எந்தக் குரல்ல பேசினாலும் என் மூச்சு தெரியாதா? "இது வேறயா"ன்னா. போயிட்டா.

மச்சான் அதுக்கப்புறமும் மெஷினை நிறுத்தலை. தினமும் மதியம் போட்டு வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. அது கூப்பிட்டுட்டே இருக்கும். சுவத்துக்கு இந்தப் பக்கம் மரகதம் பாத்திரத்தைப் போட்டு உருட்டுவா. சில நேரம் கரண்டியால சுவத்தைத் தட்டுவா, போதும் நிறுத்துங்கன்னு. என்னைத்தான். நான் இங்க கட்டில்ல படுத்திருந்தாலும் என்னைத்தான். நான் என்ன பண்ணட்டும்?

அன்னைக்கு நான் ஊர்லயே இல்லைங்க. இதை நல்லா ஞாபகம் வச்சுக்குங்க. கோபி பக்கம் கோயில் நோம்பி, அங்க நிகழ்ச்சி. நான் ஊர்லயே இல்லை. எழவுக்கு வந்தவங்ககிட்ட அவ சொல்லி அழுததை வச்சுத்தான் சொல்றேன். மதியம் சுவத்துக்கு அக்கட்ட இருந்து கூப்பிட்டிருக்குது. இவ ஏதோ அரைச்சுட்டிருந்திருக்கா. மறுபடி கூப்பிட்டிருக்குது. நான் ஊருக்குப் போனதாச் சொல்லிட்டு அங்க ஒளிஞ்சு உக்காந்து வேடிக்கை காட்டறேன்னு நினைச்சுட்டா. உங்க வாய் அழுகிப்போகன்னு கத்திட்டு, கரண்டியால சுவத்துல ஓங்கி அடிச்சிருக்கா. அதுக்கப்புறம் கூப்பிடலை. சத்தமே இல்லை.

நான் இல்லாத நாள்ல சாப்பாட்டுத் தட்டை அவரு வாசப்படியில வச்சு, மூடி, கதவைத் தட்டிட்டு வந்துருவா. அப்படித்தான் வச்சிருக்கா. பொழுது சாயறப்பப் பார்த்தா தட்டு அப்படியே இருக்குது. கதவைத் தள்ளிட்டுப் போயிருக்கா. இந்த ஸ்டூல்ல உக்காந்து, இந்தக் கண்ணாடி மேல தலையைச் சாச்சுக்கிட்டு இருந்திருக்காரு. கண்ணாடிக்குக் கீழ திரை எரிஞ்சுட்டே இருந்திருக்குது.

நெஞ்சுவலின்னாங்க.

கருமாதி முடிஞ்ச கையோட மரகதம் ஆளைக் கூட்டியாந்து மெஷினைத் தூக்கி இங்க போட்டா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. கேக்கறதென்ன, அன்னையில இருந்து எங்கிட்டப் பேச்சே இல்லை. எனக்கு இதுதான் தம்பி தாங்க முடியலை. நான் ஊர்லயே இல்லைன்னு எத்தனை தரம் சொல்லிட்டேன்.

எங்கிட்டப் பேசமாட்டா, மெஷின்கிட்டப் பேசுவா. அது கூப்பிடும். இவ கையைத் தொடைச்சுட்டு, வர்றேங்ணான்னு வந்து உக்காருவா. எதிர்ச் சீட்டுல ஆளில்லைன்னா அந்த லாரி பாலத்து நடுவுல வந்து சும்மா நிக்கும். இவ லாரியும் போயி நிக்கும். கொஞ்ச நேரம் பார்த்துட்டே இருப்பா. அப்புறம் இவ ரிவர்ஸ் எடுப்பா. "ஜெயிச்சுட்டே போ"ன்னு சொல்லும். மறுபடி அதேதான். எப்பப் போட்டாலும் ஜெயிக்கற ஆட்டத்தை எவளாச்சும் ஆடுவாளா? இவ ஆடறா.

நீங்களே சொல்லுங்க. கூப்பிடறது என்ற குரலு. ஜெயிச்சுட்டேன்னு சொல்றது என்ற குரலு. லாரி, ஹாரன், பாலம், தண்ணி, எல்லாம் நான். இந்தப் பெட்டிக்குள்ள என்னைத் தவிர வேற எவனும் இல்லை. அதுகிட்டப் பேசறாளே, எங்கிட்டப் பேசினா என்ன?

அது கூடப் பரவாயில்லை. எனக்குச் சேதி சொல்றதே அது மூலமாத்தான். "அண்ணா, உங்க மாப்பிள்ளைக்குச் சோறு போட்டு வச்சிருக்குது, சொல்லிருங்க"ன்னு மெஷினைப் பார்த்துச் சொல்லிட்டுப் போவா. நான் இங்க, இந்தத் தூரத்துல உக்காந்திருப்பேன். ஒருநாள் பொறுக்க முடியாம, அவரு ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டு அவரு குரல்ல, அம்மிணி, குழம்புல புளி தூக்கலா இருக்குதுன்னேன். "அப்படிங்களாண்ணா, நாளைக்குக் குறைச்சுக்கறேன்"னா. என் குரல்ல சொல்லியிருந்தா சட்டி பறந்திருக்கும். அப்புறம் என்ன பண்றது, காபி வேணும்னா அவரு குரலு, துணி துவைக்கோணும்னா அவரு குரலு. இந்த வூட்டுல நான் பேசி எத்தனையோ நாளாச்சு தம்பி. அவருதான் பேசிட்டிருக்காரு.

அப்படி ஒருநாள் அவ ஆடிட்டிருக்கறப்ப நான் திண்டு மேல சாஞ்சு கண்ணை மூடிட்டிருந்தேன். அவ மெதுவா மெஷின்கிட்டக் கேக்கறா.

"அன்னைக்கு ஆட்டத்தைப் பத்திச் சொல்லலியேங்ணா. அம்மிணி, அம்மிணின்னு மட்டுந்தானே கூப்பிட்டீங்க."

நான் கண்ணைத் திறந்துட்டேன். ஏன்னா நான் அப்படிப் பதியவே இல்லை. நான் பதிஞ்சது முழு வாக்கியம். வெறும் அம்மிணின்னு மெஷின்ல எங்கயும் கிடையாது. சரி, வெயிலு, சூடு, ஏதோ அறுந்து பாதியில நின்னிருக்கும்னு நான் எனக்குள்ளயே சொல்லிக்கிட்டேன். மெஷின்னா கோளாறு இருக்கத்தானே செய்யும்? அப்படி இல்லைன்னா, அப்புறம் கூப்பிட்டது... அதை நான் யோசிக்கலை. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்குது. மெஷின் கோளாறுன்னு ஒருத்தர் சொல்லிட்டா அவளும் தூங்குவா, நானும் தூங்குவேன்.

இதோட இருந்திருந்தாக் கூட உங்களுக்குச் சிரமம் குடுத்திருக்கமாட்டேன். போன வாரம் நடந்ததைக் கேளுங்க.

போன வாரம் பகல் பூரா கரண்ட் இல்லைன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்க, உங்க பக்கமும் போயிருக்கும். நான் வெளிய போயிட்டு மத்தியானம் வர்றேன். வாசல் கேட்டுகிட்ட வர்றப்பவே உள்ள பேச்சு கேக்குது. மச்சான் பேசறாரு. மெஷின்தானேன்னு ரெண்டு எட்டு வச்சேன். அப்புறந்தான் உறைச்சுது, கரண்ட் இல்லை. அங்கயே நின்னுட்டேன்.

சன்னல் வழியாப் பார்த்தேன். மரகதம் இந்தச் சீட்டுல உக்காந்திருக்கா. திரை இருட்டா இருக்குது. பேசறது அவதான். அவ வாயிலிருந்து மச்சான் வர்றாரு. நான் எத்தனை வருஷமா அவரைச் செஞ்சிருக்கேன், எனக்கு அப்படி வந்ததில்லைங்க. நான் செய்யறது அவரு மூக்கு, அவரு இழுப்பு. அவ செஞ்சது அவரு தொண்டை. ஒரே வயித்துல பொறந்த தொண்டைங்க அது. அந்தத் தொண்டையில என்ன சொன்னா தெரியுமா?

"மாப்ளே, பஸ்ஸு நின்னு போச்சு. அம்மிணிகிட்டச் சொல்லிக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க. ஓடியாச்சும் வந்துர்றேன். வேற யாரு மடியிலயும் வச்சுரவேண்டாம்னு சொல்லுங்க."

அது அன்னைக்கு அவரு ஃபோன்ல சொன்னது தம்பி. அப்படியே. ஒரு சொல்லு முன்ன பின்ன இல்லை. ஆபீஸ் ரூம்ல நான் மட்டுந்தான் இருந்தேன், கதவு சாத்தியிருந்துச்சு. நான் யாருகிட்டயும் சொன்னதில்லை. அதுல சொல்றதுக்கு என்ன இருக்குது, தமாஷே இல்லாத பேச்சு. மச்சான் சொல்லியிருக்கோணும். அவருதான் இவகிட்டப் பேசவே இல்லையே. அப்ப எப்பச் சொன்னாரு? எப்படிச் சொன்னாரு?

நான் கம்பியைப் பிடிச்சுட்டு நிக்கறேன். அவ அதோட விடலை. கழுத்தை இப்படி ஒரு வெட்டு வெட்டினா. மைக் பிடிக்கற மாதிரி கையை வச்சா. அது நானுங்க. என்னைச் செய்யறா. நான் மச்சானைச் செய்யறதை அவ செய்யறா. "ஏனுங்க... ஒரு காது குத்தறதுக்கு நானெதுக்குங்க..." அந்த இடைவெளி, நான் விடற அதே இடைவெளி, "ஊசி இருந்தாப் பத்தாதுங்களாஆ."

அச்சு அசலா நான். இந்த வட்டாரத்துல என்னை ஒருத்தன் செஞ்சதில்லை. ஆனா ஒண்ணு கவனிச்சேன். அதே சொல்லு, அதே இழுப்பு, அதே இடைவெளி, எல்லாம் இருக்குது, சிரிப்பு மட்டும் வரலை. காதுல ஊசி ஏத்தின மாதிரி இருந்துச்சு. எங்கயோ தப்புப் பண்றா அவ. என்னன்னு அன்னையில இருந்து யோசிச்சுப் பார்க்கறேன், பிடிபடலை.

நான் வாசல்ல காலை வச்சதும் நிறுத்திட்டா. எழுந்து உள்ள போயிட்டா. அப்புறம் எத்தனையோ தரம் மச்சான் குரல்ல கேட்டுப் பார்த்தேன், அம்மிணி, உனக்கு அதை யாரு சொன்னதுன்னு. மத்த எல்லாத்துக்கும் பதில் சொல்றவ அதுக்கு மட்டும் வாயே திறக்கலை.

என்ன தம்பி, கையை எடுத்துட்டீங்க? பார்த்தாச்சா?

ம்.

முழுசாத்தான் வருமா. பாதியில நிக்காதா? ஒரு சூட்டுல, ஒரு தூசியில... நின்னா அந்த போர்டே நின்னுருமா. சரி, கரண்ட் போயி வந்திருந்தா? மறுபடி முதல்ல இருந்து மொத்தமும் போட்டுத் தொடங்கோணுமா. அப்ப அம்மிணின்னு சொல்லிட்டு, நின்னு, மறுபடி அம்மிணின்னு... வராது. ஒருக்கா கூட வராது. அப்படிங்களா.

இல்லைங்க, நான் ஒண்ணும் பதறலை. சும்மாதான் உக்காந்திருக்கேன்.

அப்ப வலியில... சுவத்துக்கு அக்கட்ட... அவ கரண்டியால...

சரி. விடுங்க. நீங்க உள்ள வரவேண்டாம். உங்களுக்குப் பொய் வராது, மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. நான் பார்த்துக்கறேன். என் குரல்ல சொன்னா அவ காதுல ஏறாது. மச்சான் குரல்ல, நான் கூப்பிடலைன்னு சொல்லலாம்தான், ஆனா இனிமே எனக்கு அந்தக் குரல்ல அதைச் சொல்ல வராது. உங்க குரலு நல்லாயிருக்குது தம்பி. வந்ததுல இருந்து கேட்டுட்டிருக்கேன். கொஞ்சம் கரகரப்பு, முடிக்கறப்ப லேசா மேல தூக்கறீங்க. இப்ப அசையாம இருங்க. இருமிக் கெடுத்துராதீங்க.

"அம்மா... மெஷின்லதான் கோளாறுங்கம்மா. பேச்சு பாதியில அறுந்து அறுந்து வந்திருக்குது. அன்னைக்கும் அப்படித்தான் வந்திருக்குமுங்கம்மா."

எப்படி? உங்க வூட்டுல கேட்டாத் திரும்பிப் பார்ப்பாங்க.

உஸ்ஸ். கேக்குதா? பாத்திரச் சத்தம் நின்னுருச்சு. நம்பிட்டா. நம்பிட்டான்னுதான் நினைக்கறேன். வர்றா. இல்லை, கதவுக்குப் பின்னாலயே நின்னுட்டா. ஏதோ சொல்றா, கேளுங்க.

"மாப்ளே. அந்தத் தம்பி வாயே திறக்கலை."

தம்பி, கையைப் பிடிங்க. அது அவதான். அவதான் பேசறா. அவதானுங்களே?

"கூப்பிட்டது நான்தான் மாப்ளே. அம்மிணிக்கு அது அன்னைக்குக் கதவைத் தள்ளினப்பவே தெரியும். உங்களுக்குத்தான் வந்து சொல்ல ஆளில்லாமப் போச்சு."